ஆயுத பூசையன்று திறந்திருந்த பெட்டி

"அது செத்த சாமான்" என்று என் மனைவியிடம் நான் சொன்னது பொய். சொன்ன நேரத்தில் அது எனக்குப் பொய்யாகவே படவில்லை. வீட்டுக்குள் ஒரு பொருளைக் கொண்டுவருவதற்கு ஆண்கள் சொல்லும் சாக்குகளில் ஒன்று என்றுதான் நினைத்தேன். அவளும் நம்பினாள். முப்பத்தொரு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தவன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்?

அந்தப் பெட்டி கிண்ணியாவில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானாவிடம் கிடந்தது. அவர் அதை வெல்டிங் மெசின் என்று நினைத்து, உடைத்துச் செம்புக்கம்பியை எடுக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்டவுடன் அது என்னவென்று தெரிந்துவிட்டது. அமெச்சூர் வானொலிக்காரர்கள் தங்கள் சிறிய செற்றின் குரலைப் பெரிதாக்கிக் கடல் கடந்து அனுப்பும் பழைய அம்பிளிபையர் அது. உள்ளே கண்ணாடி வால்வுகள் இரண்டும் உடையாமல் நின்றன. துறைமுகத்துக்கு வந்த ஏதோ பாய்க்கப்பல்காரன் எந்தக் காலத்திலோ விட்டுப் போயிருக்க வேண்டும். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி வந்தபோது தொடை இரண்டும் மரத்துப் போய்விட்டன. அவ்வளவு பாரம்.

நான் துறைமுகத்தின் மின்பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு முறைப்படி சோதனை எழுதி, அமெச்சூர் வானொலி அனுமதிப்பத்திரம் எடுத்தேன். அதை என் மனைவி விரும்பவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. சண்டைக் காலத்தில் எங்கள் தென்னையில் நான் கட்டியிருந்த ஒரு சாதாரண ஏரியல் வயரைக் கண்டு ஆமிக்காரர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிபிசி தமிழ் கேட்கக் கட்டிய வயர். மூன்று நாட்கள் விசாரித்துவிட்டு விட்டார்கள். அந்த மூன்று நாட்களும் அவள் முகாம் வாசலில் சோற்றுப் பார்சலுடன் நின்றாள். அதைப் பற்றி இன்றுவரை அவள் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. ஆனால் வயர் என்றால் அவளுடைய முகம் மாறிவிடும்.

சின்னச் செற்றை எப்படியோ பொறுத்துக்கொண்டாள். இந்தப் பெட்டி வாசலில் இறங்கியதும் தைத்துக்கொண்டிருந்ததை விட்டு எழும்பி வந்தாள். அவள் ஒரு தையற்காரி. எங்கள் தெருவில் பாதிப் பெண்களின் சட்டை அவள் தைத்ததுதான்.

"இது வேலை செய்யுமோ?" என்று கேட்டாள்.

"இல்லையப்பா, செத்த சாமான். பழைய காலத்து வடிவு எண்டு வைக்கிறன்."

"கரண்ட் கிரண்ட்?"

"செத்ததில என்ன கரண்ட்? ஒண்டுமில்லை."

அவள் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, மகள் கலியாணம் கட்டிப் போன பிறகு சும்மா கிடந்த அறையைக் காட்டினாள். அங்கே வைக்கலாம் என்றாள். நானும் இதைவிட நல்ல பதிலை எதிர்பார்க்கவில்லை.

அது செத்துக் கிடந்ததும் உண்மைதான். ஆனால் எழுப்பலாம் என்று முதல் நாளே எனக்குத் தெரியும். பழுது அதன் மின்வழங்கியில்தான் இருந்தது. வீட்டுக் கரண்டை வாங்கி, ஏறக்குறைய இரண்டாயிரத்து நானூறு வோல்ட்டாக ஏற்றி, வால்வுகளுக்குக் கொடுக்கும் பகுதி அது. அதில் எட்டு கப்பாசிற்றர்கள் வரிசையாக இருக்கும். மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும் உருளைகள் அவை. ஒவ்வொன்றும் முந்நூறு வோல்ட்டைச் சுமக்கும். பெட்டியை நிறுத்திய பிறகும் அவை மின்சாரத்தை விடாது. அதனால் ஒவ்வோர் உருளைக்கும் குறுக்கே ஒரு மின்தடை பூட்டியிருப்பார்கள். நிறுத்தியதும் உள்ளே தேங்கி நிற்பதை ஓரிரு நிமிடங்களில் வடித்துவிடுவதுதான் அந்தத் தடையின் வேலை.

உருளைகள் எட்டும் வயிறு ஊதி, பிசின் கக்கியிருந்தன. டொலர் தட்டுப்பாட்டுக் காலத்துக்குப் பிறகு இப்படியான சாமான்கள் கொழும்பிலும் இலேசில் அகப்படுவதில்லை. ஆறு கிழமை அலைந்து, தொலைபேசியில் கெஞ்சி, எட்டு நீல நிற உருளைகளை எடுப்பித்தேன். தடைகளை மாற்றவில்லை. கழற்றி, துடைத்து, மீற்றரில் ஒவ்வொன்றாக அளந்து பார்த்தேன். எட்டும் சரியான கணக்கைக் காட்டின. நல்லாய் இருப்பதை ஏன் எறிவான்? துறைமுகப் பட்டறையில் பிடித்த வியாதி அது. அங்கே நாங்கள் கேட்ட உதிரிப்பாகம் கேட்ட காலத்தில் வந்ததே கிடையாது. அதனால் பழையதில் நல்லதைப் பொறுக்கிப் பூட்டுவதைக் கெட்டித்தனம் என்று சொல்லிக்கொண்டோம். எங்கள் வீட்டுக்கு உப்புக்காற்று நேரே வரும். ஜன்னல் கம்பியே வருடத்துக்கு ஒரு பெயின்ற் கேட்கும். அந்த உப்பு ஒரு தடையின் உள்ளே மயிரிழை வெடிப்பாக ஊறியிருந்தது. குளிர்ந்து கிடக்கும்போது மீற்றரில் தெரியாது, சூடேறினால்தான் விரியும். சூடேற்றி அளக்க வேண்டும் என்று பட்டறையில் எத்தனையோ பேருக்கு நானே வகுப்பு எடுத்திருக்கிறேன்.

வேலை நடந்த இரண்டு மாதமும் அவள் இடையிடையே பிளேன்டீ கொண்டுவருவாள். நான் சூட்டுக்கோலால் ஈயம் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். செத்ததற்கு ஏன் இவ்வளவு பணிவிடை என்று ஒருநாள் கேலியாகக் கேட்டாள். உருப்படியாய் இருந்தால்தானே வடிவு என்று சமாளித்தேன். பிறகு அவளே ஒரு உதவி செய்தாள். உப்புப் பிடிக்கும் என்று, மிஞ்சிய சட்டைத் துணியில் பெட்டிக்கு அளவெடுத்து ஓர் உறை தைத்துத் தந்தாள். பூப்போட்ட துணி. விளிம்பில் லாஸ்டிக்கும் வைத்திருந்தாள். அன்றாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இது செத்ததல்ல, தொடாதையும் என்று இரண்டு வார்த்தை. நல்லாய்த் தைத்திருக்கிறீர் என்று மட்டும் சொன்னேன்.

நவராத்திரி வந்தது. ஒன்பதாம் நாள் ஆயுத பூசை. பட்டறையில் நாங்கள் அதைத் தவறவிட்டதே இல்லை. கடைசல் இயந்திரத்திலிருந்து கடைசி ஸ்பானர் வரைக்கும் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, கடலையும் அவலும் படைப்போம். அன்றைக்கு ஓர் ஆயுதத்தையும் வேலைக்கு எடுப்பதில்லை. விஜயதசமியில்தான் திரும்பத் தொடுவோம். வீட்டில் அவளுடைய தையல் மெசினுக்கும் கத்தரிக்கோலுக்கும் அதே மரியாதை. முதல் நாளே அவள் மெசினுக்கு எண்ணெய் விட்டு, துடைத்து, ஊசியைக் கழற்றி வைத்துவிட்டாள். தீபாவளிச் சட்டைகள் மலையாகக் குவிந்து கிடந்தன, ஆனாலும் ஒரு தையல்கூடப் போடவில்லை. உங்கட சாமானையும் ஆறவிடுங்கோ என்றாள். சரி என்றேன்.

மனிதன் எவ்வளவு அற்பம் என்பதை மற்றவர்களிடம் பார்க்கத் தேவையில்லை. பூசைக்கு முந்திய பின்னேரம்தான் கடைசி இணைப்பை ஒட்டி முடித்திருந்தேன். காலையில் அவள் அம்மன் கோயிலுக்குப் புறப்பட்டுப் போனாள். ஒரு மணித்தியாலமாவது ஆகும். நான் அறைக்குள் போய் நின்றேன். இரண்டு மாத வேலை. ஒருதரம், ஒரேயொருதரம் போட்டுப் பார்த்தால் அம்மாள் என்ன கோபிக்கவா போகிறாள் என்று எனக்கு நானே கதை விட்டுக்கொண்டேன். உறையைக் கழற்றினேன். மேல் மூடி முன்பே திறந்துதான் கிடந்தது. ரப்பர் செருப்பு வாசலில் இருந்தது, வீட்டுக்குள் போடுவதில்லை. அதனால் மரப்பலகை ஒன்றின் மேல் ஏறி நின்றுகொண்டு சுவிச்சைப் போட்டேன்.

வேலை செய்தது. வெடிக்கவில்லை, புகையவில்லை. முன்பக்க மீற்றரின் முள் மெல்ல எழும்பி இரண்டாயிரத்து நானூறில் போய் நின்றது. டிரான்ஸ்போமர் அடித்தொண்டையில் முனகியது. எனக்குக் கண் கலங்கியது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் கலங்கியது. பத்து நிமிடம் போல அப்படியே விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சூட்டில்தான் அந்த ஒரு தடையின் வெடிப்பு விரிந்து இணைப்பு அறுந்திருக்கிறது.

அப்போது படலை திறக்கும் சத்தம் கேட்டது. கோயிலில் சனம் குறைவாம், நேரத்தோடு வந்துவிட்டாள். நான் சுவிச்சை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கினேன். முள் சரசரவென்று இறங்கியது. ஆனால் பூச்சியத்தில் ஒட்டவில்லை, ஒரு நெல்மணி அளவு மேலே நின்றது. பழைய மீற்றர், அதுதான் என்று நினைத்தேன். அது பழைய மீற்றரின் குற்றமல்ல. ஓர் உருளை தன் முந்நூறு வோல்ட்டையும் விடாமல் பிடித்து வைத்திருப்பதை அது எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு வேலை மிச்சம் இருந்தது. உயர் அழுத்தப் பெட்டியை விட்டு விலகுவதற்கு முன், வயர் கட்டிய ஒரு மரத்தடியால் உருளைகளின் முனைகளைத் தொட்டு, மிஞ்சியிருப்பதை நிலத்துக்கு இறக்கிவிட வேண்டும். இறக்கும்போது மிச்சமிருந்தால் பட்டென்று வெடிச்சத்தம் வரும். முப்பது வருடத்தில் ஒருநாள்கூட நான் அதைச் செய்யாமல் விட்டதில்லை. அன்று விட்டேன். சத்தம் வந்தால் அவளுக்குக் கேட்டுவிடும் என்று விட்டேன். உறையை இழுத்து மூடிவிட்டு வெளியே வந்தேன்.

அவள் கையில் பூவோடு நின்றாள். "எல்லாம் பூசைக்கு ஆயத்தமோ? ஒண்டும் தொடேல்லைத்தானே?"

"ஓம், எல்லாம் சரி. நான் குளிச்சிட்டு வாறன்."

கிணற்றடியில் மூன்றாவது வாளி அள்ளும்போது உள்ளே பித்தளைத் தட்டு விழுந்த சத்தம் கேட்டது. விழுந்து, உருண்டு, சுழன்று அடங்கும் சத்தம். அதற்கு முன்னும் பின்னும் அவளுடைய குரல் கேட்கவில்லை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஈரச் சாரத்தோடு ஓடினேன்.

அவள் சுவரோரமாகக் கிடந்தாள். சிமெந்து நிலம் முழுக்கக் குங்குமம். நான் அவளைத் தொடவே பயந்தேன், பிறகு தொட்டேன். மூச்சு இருந்தது. கண்ணைத் திறந்து என்னை அடையாளம் தெரியாதவள் மாதிரிப் பார்த்தாள். வலது மோதிர விரலின் நுனி வெளிறிப் பொசுங்கியிருந்தது. அந்த விரலால்தானே சந்தனம் வைப்பார்கள். ஈரச் சந்தனம், வீடு கழுவிய ஈரம் காயாத நிலம், வெறுங்கால். இடது கையில் தட்டு, அந்தக் கையின் மணிக்கட்டு பெட்டியின் இரும்பு விளிம்பில் படிந்திருந்திருக்க வேண்டும். அந்த இரும்பை ஜன்னலுக்கு வெளியே நிலத்தில் இறக்கிய செம்புக் கம்பியோடு இணைத்தவனும் நான்தான். ஒரு கையால் புகுந்த மின்சாரம் மறு கையால் வெளியேறும் வழியில் நெஞ்சு இருக்கிறது. அந்த வழியை யாராவது வரைந்து காட்டச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். ஓர் இளம் பெண் டொக்டர், தாளைப் பார்த்துக்கொண்டே என்ன நடந்தது என்று கேட்டா. நான் வாயைத் திறப்பதற்கு முன், கட்டிலில் கிடந்தபடி என் மனைவி சொன்னாள்.

"சட்டை அயன் பண்ணேக்கை கரண்ட் அடிச்சுப்போட்டுது, டொக்டர். கை ஈரமாய் இருந்தது."

டொக்டர் என்னைப் பார்த்தா. எத்தனை வோல்ட், எந்த வகை மின்சாரம், எவ்வளவு நேரம் என்று அந்த ஆஸ்பத்திரியிலேயே கணக்காகச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. வார்ட்டுக்கு மாற்றிய பிறகு, டொக்டரின் பின்னால் நடைபாதையில் ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன். அவ கேட்டு முடித்துவிட்டு, சிகிச்சை மாறாது, நாளை வரைக்கும் நெஞ்சைக் கவனிப்போம் என்றா. நல்ல காலம், நெஞ்சில் ஒன்றும் இல்லை என்று மறுநாள் விட்டார்கள்.

இடையில் உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தபோதுதான் அந்த அறையைச் சரியாகப் பார்த்தேன். சூட்டுக்கோலின் பிடியில் ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். குறட்டில் ஒன்று. மீற்றரில் ஒன்று. ஸ்குரு திருகிகள் ஏழிலும் சிறிதாக, வரிசை பிசகாமல் ஏழு. உறை மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. நீல உருளைகளில் முதலாவதின் தலையில் மட்டும் சந்தனம் இழுபட்டுக் கிடந்தது. எனக்குப் பிரியமான சாமான் என்று பெட்டியைக் கடைசிக்கு விட்டிருந்திருக்கிறாள். நான் மரத்தடியை எடுத்து அந்த முனையைத் தொட்டேன். சத்தம் எதுவும் வரவில்லை. இருந்தது முழுக்க அவளுக்குள் போயிருந்தது. அங்கேயே நிலத்தில் இருந்து அழுதேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவளுடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. பெரிய நடுக்கமில்லை, தேத்தண்ணிக் கோப்பை பிடிக்கலாம். ஊசியில் நூல் கோக்க ஏலாது. தீபாவளிக்கு என்று வாங்கி வைத்த துணிகளை ஒவ்வொன்றாக மடித்து, உரியவர்களைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். என்ன நடந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் அயன் கதைதான். ஒருத்தி என்னைப் பார்த்து, வீட்டில் இவ்வளவு பெரிய மின்காரன் இருந்தும் ஒரு அயனைப் பார்த்து வைக்கவில்லையா என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அன்றைக்கு அவளிடம் கேட்டேன், ஏன் எல்லாரிடமும் அப்படிச் சொல்கிறீர் என்று. அவள் பொத்தான் டப்பாவைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். விரலுக்கு அது பயிற்சி என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

"வேற என்னத்தைச் சொல்ல? என்ர மனிசன் எனக்குப் பொய் சொன்னவர் எண்டோ?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லி, பிறகு மன்னிப்புக் கேட்டு, அது ஒரு வழியாக முடிந்திருக்கும். நான் பெட்டியைத் தூக்கிக் கடலில் போடுகிறேன் என்றேன். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். போட்டாப்போல என்ன, திருத்தி வையுங்கோ என்றாள்.

திருத்தினேன். எட்டுத் தடைகளையும் எறிந்துவிட்டு, ஒன்று போனாலும் மற்றது வடிக்கும்படி ஒவ்வோர் உருளைக்கும் இரண்டாகப் புதிய தடைகள் பூட்டினேன். மூடியைத் திறந்தால் தானாகவே எல்லாவற்றையும் நிலத்தோடு இணைக்கும் ஒரு சுவிச்சு வைத்தேன். உள்ளே மின்சாரம் இருக்கும்வரை எரியும் சிவப்பு விளக்கு ஒன்றும் வைத்தேன். முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு, இது உயிரோடு இருக்கும் சாமான், தொட்டால் கொல்லும், இன்ன இன்ன காவல் வைத்திருக்கிறேன் என்று ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டாள். பிறகு குசினிக்குள் போய்விட்டாள்.

ஒரு பின்னேரம் அதைப் போட்டுக் கதைத்தும் பார்த்தேன். கடலுக்கு அப்பாலிருந்து யாரோ ஒருவர், என் குரல் பக்கத்து அறையில் கேட்பதுபோல இருக்கிறது என்றார். நான் நன்றி சொல்லி நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு அதிகம் போடுவதில்லை.

தை பிறந்து சில நாட்கள் கழிந்திருக்கும். அவளுடைய கை முக்கால்வாசி தேறி, பாவாடை நாடா தைக்கும் அளவுக்கு வந்திருந்தாள். நான் சந்தைக்குப் போய் மீனோடு திரும்பி வந்தபோது வாசலில் ஓர் அந்நியச் சைக்கிள் நின்றது. குசினிக்குள் போனேன். என் வயதை ஒத்த ஒருவர் சுவரோரம் குந்தியிருந்து, தண்ணி கொதிக்கவைக்கும் கேத்திலைச் செருகும் பிளக் பொயின்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். சல்லிக் கிராமத்திலிருந்து வந்தவராம், வீடு வீடாக வயரிங் வேலை செய்பவர். பொயின்ற் கொஞ்சம் ஆடியதாம். அதற்காக என் மனைவி ஆள் பிடித்திருக்கிறாள். முப்பத்தொரு வருடத்தில் இந்த வீட்டில் ஒரு பல்பைக்கூட வேறொருவர் மாற்றியதில்லை.

அவள் என்னைக் கண்டதும் தடுமாறவில்லை. மீன் பையை வாங்கிச் சட்டிக்குள் போட்டாள். அவர் வெளிச்சம் போதாது என்றார். நான் டோர்ச்சை எடுத்து வந்து பிடித்தேன். ஒரு ஸ்குருவை அவர் கொஞ்சம் கோணலாகத்தான் இறுக்கினார். நான் டோர்ச்சை இன்னும் கொஞ்சம் கிட்டப் பிடித்தேன். பூட்டி முடித்து எழும்பியதும் அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இப்ப தொடலாமோ, அண்ணை?"

"தொடலாம் தங்கச்சி, ஒரு பயமுமில்லை."

அவள் அவருடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கேத்திலின் பிளக்கை வலது கையால் எடுத்து, தயங்காமல் செருகி, சுவிச்சைப் போட்டாள். நான் டோர்ச்சை அணைக்க மறந்து நின்றுகொண்டிருந்தேன்.